சாயத் தொட்டியும் மருந்து மேசையும்

கமண்டல நாகநதியின் கரையிலமைந்த ஆரணி நகரத்தில், தறியின் ஓசை விடியற்காலந்தொட்டே கேட்கின்ற தெருக்களினூடே நடந்து செல்லும் ஒருவர், ஏதேனும் ஒரு சாயப்பட்டறையின் முற்றத்தில் மூங்கிற் கழிகளில் தொங்கி உலர்கின்ற பட்டுநூற் சிட்டங்களின் மயில்கழுத்து நிறத்தையும் அரக்குச் சிவப்பையும் கண்டு ஒரு கணம் நின்று பாராமற் போவது அரிது. அந்நிறங்களை நூலில் ஏற்றுகின்ற சாயக்காரர் பெரும்பாலும் கல்லூரியில் ரசாயனம் பயின்றவரல்லர். ஆயினும் நீரின் சூடு எவ்வளவு, அமிலம் எவ்வளவு, ஒரு கிலோ நூலுக்குச் சாயப்பொடி எத்தனை கிராம் என்பவற்றில் அவர் காட்டுகின்ற கண்டிப்பு எந்த ரசாயனசாலையிலும் மெச்சத்தக்கது. முதல் நாள் தோய்த்த நூலுக்கும் மறுநாள் தோய்த்த நூலுக்கும் நிறம் சற்றே பிசகினாலும் புடவையின் உடலில் அது கோடாக விழுந்துவிடும். நூல் தறியேறிய பிறகு அதைத் திருத்த வழியில்லை. மருந்தாளுநர் தொழிலைப் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு எழுதப் புகுந்தவன் சாயத் தொட்டியருகே ஏன் நிற்கிறான் என்று வாசகர் வினவலாம். இக்கால மருந்து சாஸ்திரத்தின் பெருங்கிளைகளுள் ஒன்று சாயத் தொட்டியிலேயே முளைத்தது என்பதுதான் காரணம்.

பட்டுநூல் ஃபைப்ராயின் என்னும் புரதத்தாலானது. அதன்மேல் செரிசின் என்னும் மற்றொரு புரதம் பசைபோற் படிந்திருக்கும். சாயக்காரர் முதலில் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலை வேகவைத்து, எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருக்கும் அப்பசையை நீக்குகிறார். பின்னர் அமிலம் சேர்ந்த சாயநீரில் நூலை அமிழ்த்தும்போது, ஃபைப்ராயினிலுள்ள அமினோத் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. எதிர்மின்னேற்றமுடைய சாய மூலக்கூறுகள் அவற்றோடு சென்று பிணைகின்றன. அதே தொட்டியில் ஒரு பருத்தி நூலைப் போட்டால், பருத்தியில் அமினோத் தொகுதிகள் இல்லாமையால், ஏறிய நிறம் கழுவிய நீரோடு போய்விடும். இந்தச் சாயம் இந்த நூலைப் பற்றும், அந்த நூலைப் பற்றாது என்று பட்டறையில் எல்லோரும் அறிந்திருக்கிற எளிய விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1856ஆம் ஆண்டின் ஈஸ்டர் விடுமுறையில், லண்டன் நகரத்தில், வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர் தம் வீட்டிலேயே அமைத்துக்கொண்ட சிறு ரசாயனசாலையில் கொயினாவைச் செயற்கையாக ஆக்கிவிட முயன்றுகொண்டிருந்தார். மலேரியா காய்ச்சலுக்கு அக்காலத்தில் கைகண்ட ஔஷதம் கொயினா ஒன்றே. அதுவோ தென் அமெரிக்கச் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து மட்டுமே கிடைத்து வந்தது. நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற அனிலீனைக் கொண்டு பெர்க்கின் செய்த பரிசோதனையில் கொயினா வரவில்லை. கரிய கசடு ஒன்றுதான் மிஞ்சியது. அதை வீசியெறியாமல் சாராயத்தில் கரைத்துப் பார்த்தபோது அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. அதில் தோய்த்த பட்டுத்துணி, வெயிலில் காயவைத்தும் சலவை செய்தும் நிறம் மாறாதிருந்தது. உலகின் முதற் செயற்கைச் சாயத் தொழில் இவ்வாறு, மருந்தைத் தேடிச் சென்ற இளைஞர் ஒருவரின் கையில், பட்டின்மேல் பிறந்தது. (கொயினாவின் தேவையோ குறையவில்லை. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளெமன்ட்ஸ் மார்க்கம் என்பவரின் முயற்சியால் சிங்கோனாக் கன்றுகள் நம் நீலகிரிக்கு வந்துசேர்ந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கத் தோட்டங்களாக வளர்ந்தன.)

மருந்தைத் தேடியவருக்குச் சாயம் கிடைத்தது. அதன்பின் சாயத்தைப் பயின்றவர்களுக்கு மருந்து கிடைத்தது. பால் எர்லிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, மாணவப் பருவத்திலேயே, உடலின் திசுக்களைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் காண்பதில் பெரும் ஈடுபாடு கொண்டவர். மெத்திலீன் நீலம் என்னும் சாயம் நரம்புகளைத் தேடிச் சென்று பற்றுவதையும், அருகிலுள்ள பிற திசுக்களை விட்டுவிடுவதையும் அவர் கண்டார். பட்டைப் பற்றும் சாயம் பருத்தியைப் பற்றாதது போல், நோய்க்கிருமியைப் பற்றி நோயாளியின் உடலைப் பற்றாத ஒரு பொருள் இருக்கலாகாதா என்பதே அவருடைய கேள்வி. 1891இல் அதே மெத்திலீன் நீலத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஓரளவு பயனும் கண்டார். பின்னர் அவரும் ஜப்பானிய விஞ்ஞானி சகாச்சிரோ ஹாட்டாவும் நூற்றுக்கணக்கான ஆர்சனிக் சேர்மங்களைச் சோதித்து, 606ஆம் எண்ணுள்ள பொருள் சிபிலிஸ் நோயின் கிருமியை அழிப்பதை 1909இல் கண்டறிந்தனர். மருந்து உடலில் எங்கேனும் ஓரிடத்தில் பிணைந்தாலன்றி வேலை செய்யாது என்ற எர்லிக்கின் கொள்கையே இன்று மருந்தியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கின்ற ஏற்பிக் கோட்பாட்டின் வித்து.

அடுத்த அத்தியாயம் இன்னும் நெருக்கமானது. 1932இன் இறுதியில், ஜெர்மனியின் சாய நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சிசாலையில் கெர்ஹார்ட் டோமாக் என்பவர், பிராண்டோசில் என்னும் செந்நிறச் சாயத்தை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தார். மருந்து பெற்ற எலிகள் பிழைத்தன, பெறாதவை மடிந்தன. 1935இல் அவர் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்தினர், அச்சாயம் உடலுக்குள் இரண்டாகப் பிளவுபடுகிறது என்றும், நிறமற்ற ஒரு பாதியான சல்ஃபனிலமைடு என்பதே கிருமியைத் தடுக்கிறது என்றும் நிறுவினார்கள். பிரசவத்தின் பின் வரும் காய்ச்சலாலும், ஒரு முள் கீறியதால் இரத்தத்தில் பரவும் நஞ்சாலும் மக்கள் செத்துக்கொண்டிருந்த உலகத்துக்கு இது எத்தகைய வரம் என்பதை, பெனிசிலினுக்குப் பின் பிறந்த நம்மால் முற்றிலும் உணர இயலாது.

ஆனால் ஒரு பொருள் மருந்தாவதும் அது நோயாளியின் கைக்கு ஒழுங்காகச் சென்று சேர்வதும் வெவ்வேறு காரியங்கள். மருந்தாளுநர் என்ற மனிதரின் அவசியம் பிறப்பது அந்த இடைவெளியிலேதான். 1937இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, குழந்தைகள் எளிதில் பருகும் பொருட்டு, சல்ஃபனிலமைடைத் திரவமாக்கி விற்க விரும்பிற்று. அம்மருந்து நீரில் எளிதில் கரையாது. ஆகவே டைஎதிலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான கரைப்பானில் கரைத்து, பழச்சுவையும் நிறமும் சேர்த்தார்கள். சுவை பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், தெளிவு பார்த்தார்கள். கரைப்பான் நஞ்சா என்று ஒருவரும் பார்க்கவில்லை. சிறுநீரகங்கள் செயலற்று 105 பேர் மாண்டனர். அவர்களுள் 34 பேர் குழந்தைகள். மறு ஆண்டே அந்நாட்டில், விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபித்தாக வேண்டும் என்ற சட்டம் பிறந்தது.

இது பழங்கதையென்று கருதுவோமானால் பெரும் பிழை செய்தவர்களாவோம். 2025ஆம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில், இருமல் மருந்து குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அம்மருந்து, ஆரணியில் நெய்த பட்டு விலைபோகும் காஞ்சிபுரத்தின் மாவட்டத்திலேயே இயங்கிய ஓர் ஆலையில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் அதே டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். கரைப்பான் பீப்பாய் ஒவ்வொன்றையும் பயன்படுத்துமுன் சோதிக்க வேண்டும் என்ற விதி மருந்தாக்கியல் மாணவர் எவரும் அறிந்த விதி, சோதனையும் அரிதானதன்று. எண்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடத்தை ஓர் ஆலை மறந்ததனால் குழந்தைகள் இறந்தார்கள் என்பதை எழுதும்போது கை நடுங்குகிறது.

நம் நாட்டிலும் இத்தொழில் ஒழுங்குபெற்றது கலப்படத்தின் கொடுமையைக் கண்ட பிறகுதான். கலப்படக் கொயினாவும் சத்தற்ற போலி மருந்துகளும் சந்தையில் மலிந்ததனால், 1930இல் கர்னல் ராம்நாத் சோப்ரா அவர்களின் தலைமையில் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கைக்குச் சற்றே பின், 1932இல், காசி இந்து சர்வகலாசாலையில் மகாதேவ லால் ஷ்ராஃப் என்ற பேராசிரியர் மருந்தாக்கியல் கல்வியைப் பட்டப்படிப்பின் பகுதியாகத் தொடங்கினார். 1940இல் மருந்துச் சட்டமும், நாடு விடுதலையடைந்த மறு ஆண்டான 1948இல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன. மருத்துவர் எழுதிய சீட்டுக்குரிய மருந்தை வழங்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உரியது என்று பின்னதன் 42ஆம் பிரிவு விதிக்கிறது. இக்காலத்தவர் இப்பிரிவை மறந்தாலும் சட்டம் மறக்கவில்லை.

என் இளமையில் மருந்துக்கடைக்காரரைக் காட்டிலும் ‘கம்பவுண்டர்’ என்ற சொல்லே பழக்கத்திலிருந்தது. மருத்துவர் அறையின் பக்கத்தில் மர அலமாரிகளுக்கிடையே நின்று, கல்வத்தில் அரைத்து, அளவுக் குவளையில் ஊற்றி, புட்டியின் பக்கவாட்டில் வெட்டு வைத்த காகிதப் பட்டையை ஒட்டி, வேளைக்கு ஒரு வெட்டு வீதம் குடிக்கும்படி சொல்லியனுப்புவார். எழுத்தறியாத நோயாளியும் பிழையின்றி மருந்தின் அளவைக் கடைப்பிடிக்க அந்தக் காகிதம் உதவியது. ஆலையிலேயே மருந்து அட்டைகளில் அடைபட்டு வருகிற இக்காலத்தில் கலக்கும் வேலை போய்விட்டது. ஆகையால் மருந்தாளுநருக்கு வேலையே போய்விட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கோ, அந்தக் காகித வெட்டு செய்த வேலைதான் இத்தொழிலின் உயிர் என்று தோன்றுகிறது. அது இன்றும் செய்யப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

‘மாத்திரை’ என்ற சொல்லையே பாருங்கள். நம் இலக்கணத்தில் அது ஒலியின் அளவு. கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் தொல்காப்பியம் அதற்கு எல்லையாக வைத்தது. மருந்துக்கும் அதே பெயர் வந்தது பொருத்தமே. தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரப்பவர்களுக்குத் தரும் லிவோதைராக்ஸின் மாத்திரை ஒன்றில் மருந்து 50 மைக்ரோகிராம்தான். ஒரு கிராமை இருபதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு. கண்ணால் காணத்தக்க அந்த வெள்ளை வில்லையின் மீதிப் பகுதியெல்லாம் மாவும் சர்க்கரையும் போன்ற துணைப்பொருள்கள். இலட்சக்கணக்கான மாத்திரைகளில் ஒவ்வொன்றிலும் அந்தத் துளி ஒரே அளவாக இருக்கும்படி பொடிகளைக் கலக்குவதும், சோதித்து ஒப்புவதும், வயிற்றமிலத்தில் கரையாமல் குடலில் சென்று கரையும்படி மேற்பூச்சு இடுவதும், பன்னிரண்டு மணி நேரம் மெல்ல மெல்ல மருந்தை விடும்படி மாத்திரையின் உள்ளமைப்பை ஆக்குவதும் மருந்தாக்கியலின் கலைகள். அப்படி மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று ஒருவர் பொடித்துத் தின்பாரானால், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் உரிய மருந்து ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் பாயும். அதைப் பொடிக்காதீர்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

அளவுக்கு இணையானது காலம். பாராசிட்டமால் உடலில் இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அடுத்த அதே காலத்தில் மீதியிலும் பாதி. ஆகவேதான் ஆறு மணிக்கொருமுறை என்று சீட்டில் எழுதுகிறார்கள். அம்மருந்தைக் கல்லீரல் அகற்றும்போது சிறிதளவு நச்சுப்பொருள் பிறக்கிறது. குளூட்டத்தையோன் என்னும் இயற்கைக் காப்பு அதை அவ்வப்போது அடக்கிவிடும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு நான்கு கிராமே எல்லை; அதை மிகவும் மீறினால் அக்காப்பு தீர்ந்து கல்லீரல் கருகக்கூடும். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒரு மாத்திரை, உடல்வலிக்கு ஒரு மாத்திரை என்று மூன்று பெயர்களில் வாங்குபவர், மூன்றிலும் பாராசிட்டமால் இருப்பதை அறியார். அட்டையின் பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படித்துக் காட்டும் கடமை மேசைக்கு அப்பால் நிற்பவருக்கு உரியது.

ஆரணியில் இதற்கு ஓர் உள்ளூர் முகம் உண்டு. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, நாள்தோறும் எட்டு மணி பத்து மணி நேரம் மிதிப்பலகையை மிதிக்கும் நெசவாளிக்கு நாற்பது வயதிலேயே முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்குகின்றன. தறியை நிறுத்தினால் கூலி நிற்கும். ஆகவே அவர் மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையை வாரக்கணக்கில் வாங்கி விழுங்குகிறார். அது வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். இரத்த அழுத்தத்துக்காக அவர் ஏற்கெனவே உண்ணும் மாத்திரையின் பலனைக் குறைக்கும். சில மருந்துகளோடு சேரும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைச் சுருக்கி அதைப் பழுதாக்கும். “வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, அண்ணே?” என்ற ஒரே கேள்வி அம்மனிதரின் சிறுநீரகங்களைக் காப்பாற்றும். கேட்பதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் என்ன விடை வந்தால் எதை நிறுத்த வேண்டும், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க ஆண்டுக்கணக்கான படிப்பு வேண்டும்.

இன்னும் இரண்டு உதாரணங்கள் கூறாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் உண்ண வேண்டிய மருந்து. பிற மாத்திரைகளைப் போல் தினந்தோறும் உண்டவர்கள் எலும்பு மஜ்ஜை வற்றி இறந்திருக்கிறார்கள். ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று அட்டையின்மேல் எழுதிக் கொடுக்கின்ற மருந்தாளுநர் ஓர் உயிரைக் காக்கிறார். அது அவருக்கே தெரியாமற் போகலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக மாற்றும். முன்பே சொல்லாவிட்டால், இரத்தம் போகிறதென்று அஞ்சி நோயாளி மருந்தையே நிறுத்திவிடுவார். பாதியில் நின்ற மருந்து எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமியை வளர்க்கும். காசநோயாளர்களை மருத்துவமனையில் வைத்துப் பேணாமல் வீட்டிலிருந்தபடியே மருந்தால் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்தது சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். ஆனால் வீட்டிலிருக்கும் நோயாளிக்கு மருந்தைப் பற்றிச் சொல்ல அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு நில்லாமல், அருகிருந்து மருந்தை ஆக்கித் தரும் உழைச்செல்வானையும் நான்காவதாகச் சேர்த்து முடிகிறது. அந்த நான்காமவரைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இத்தொழில் கடையோடு முடிவதன்று. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, மாதிரிகளை உற்பத்தியாளர் பெயரை மறைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, தேறியவற்றை மட்டுமே விநியோகிக்கிறது. பிற மாநிலங்கள் வந்து கற்றுச் சென்ற முறை இது. ஆலையின் தரக்கட்டுப்பாடு, புதிய மருந்துகளின் பரிசோதனை, மருந்து ஆய்வாளர் பதவி, மருத்துவமனை வார்டுகளில் மருத்துவரோடு நின்று அளவுகளைச் சரிபார்க்கும் பணி ஆகிய யாவும் மருந்தாளுநருக்குத் திறந்திருக்கின்றன. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் ஒரே நாளில் தொடங்கப்பட்டதும் இத்தொழிலுக்குப் புதிய இடங்களைத் தந்திருக்கிறது.

இத்தொழிலுக்குரிய படிப்புகளில் டி.ஃபார்ம் இரண்டு ஆண்டுகள்; அதனோடு 500 மணி நேரப் பயிற்சி. பி.ஃபார்ம் நான்கு ஆண்டுகள். 2008இல் வந்த ஃபார்ம்.டி ஆறு ஆண்டுகள். கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனையில். எதைப் படித்தாலும், தமிழ்நாடு மருந்தாளுநர் மன்றத்தில் பதிவு செய்த பிறகே மருந்து மேசையின் பின்னால் நிற்கலாம்.

வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். பட்டம் பெற்றுப் பதிவும் செய்துகொண்டு, தம் சான்றிதழை மாதவாடகைக்குக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தாம் வேறு வேலைக்குச் செல்கின்றவர்கள் நம் நாட்டில் பலர் இருக்கிறார்கள். சுவரில் ஒரு பெயர் தொங்குகிறது. மேசையில் பள்ளிப் படிப்போடு நின்ற ஒரு பையன் சீட்டைப் படிக்கத் திணறுகிறான். சம்பளம் குறைவு என்று அவர்கள் சொல்வது உண்மையே. அதற்காகப் போராடுவதும் நியாயமே. ஆனால் சாயக்காரர் தம் தொட்டியருகே இல்லாமல் தம் பெயரை மட்டும் பட்டறையில் மாட்டிவைத்தால், ஆரணியில் யாரும் அவரிடம் நூல் கொடுக்க மாட்டார்கள்.

மாணவர்களே, இந்த வாரம் ஒருநாள் மாலையில் உங்கள் ஊர் மருந்துக்கடை ஒன்றின் முன் சற்று நேரம் நில்லுங்கள். சுவரில் உள்ள சான்றிதழின் பெயரைப் படியுங்கள். அப்பெயருக்குரியவர் மேசைக்குப் பின்னால் நிற்கிறாரா என்று பாருங்கள். நாளை அந்தச் சுவரில் உங்கள் பெயர் இருக்கும்போது, தயவுசெய்து அங்கே நின்றிருங்கள்.